பஞ்சர் ஆகாத டயரில் காற்று எங்கே போகிறது?

ஒரு மாதம் ஓட்டாமல் வாசலில் நிறுத்தி வைத்த காரை எடுத்துக்கொண்டு பெட்ரோல் பங்குக்குப் போனால், காற்று பிடிக்கிறவர் நான்கு டயரிலும் குறைவு என்பார். ஆணி ஏறவில்லை. வால்வு மூடி இருந்த இடத்திலேயே இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தாலும் ஒரு குமிழிகூட எழுவதில்லை. அப்படியானால் அந்தக் காற்று எந்த வழியாகப் போனது?

கார் வைத்திருக்கிற எல்லோருக்கும் எப்போதாவது தோன்றியிருக்கும் கேள்விதான். "அது அப்படித்தான் சார், மாசம் ஒருக்கா பிடிச்சிருங்க" என்ற பதிலோடு பெரும்பாலும் முடிந்துவிடும். அந்தப் பதில் சரிதான். ஏன் அப்படி என்று தொடர்ந்து போனால் ரப்பரின் மூலக்கூறுக் கட்டமைப்பு, வெப்பம், பெட்ரோல் செலவு, நெடுஞ்சாலையில் வெடிக்கும் டயர் எல்லாம் ஒரே சரட்டில் வந்து சேர்கின்றன.

காரை நாமே பராமரித்துப் பணத்தை மிச்சப்படுத்தும் வழிகளில் டயரின் காற்றை அளக்கும் வேலை ஒன்றை மட்டும் இந்த அத்தியாயத்தில் விரிவாகப் பார்க்கலாம். ஸ்பேனர் வேண்டாம், ஜாக்கி வேண்டாம், கையில் கிரீஸ் படாது. மெக்கானிக் கூலியில் இதனால் ஒரு ரூபாய்கூடக் குறையாது. ஆனாலும் சொந்தப் பராமரிப்பில் எனக்குத் தெரிந்த மிக லாபமான வேலை இதுதான்.

ரப்பருக்குள் இருக்கும் வழி

1946-இல் சென்னை திருவொற்றியூரில் ஒரு சிறு கொட்டகையில் கே.எம். மாம்மன் மாப்பிள்ளை பொம்மை பலூன் தயாரிக்கத் தொடங்கினார். எம்.ஆர்.எஃப். டயர் நிறுவனத்தின் தொடக்கம் அந்தக் கொட்டகை. பலூனும் டயரும் ரப்பரால் ஆனவைதாம். ஆனால் நேற்று ஊதிக் கட்டிய பலூன் இரண்டே நாளில் சுருங்கிவிடுகிறது. டயரோ மாதக் கணக்கில் தாங்குகிறது.

ரப்பரை மிக நுணுக்கமாகப் பார்த்தால் அது இடைவெளி இல்லாத ஒரே பிண்டமாக இருக்காது. நீண்ட சங்கிலிகளாக அமைந்த மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சாதாரண அறை வெப்பத்திலேயே அந்தச் சங்கிலிகள் ஓயாமல் நெளிகின்றன. நெளியும்போது கண நேரத்துக்கு நுண்ணிய இடைவெளிகள் திறந்து மூடும். உள்ளே அழுத்தத்தில் அடைபட்ட காற்றின் மூலக்கூறு ஒன்று அந்த இடைவெளியில் நுழைகிறது, அடுத்தது திறந்ததும் அங்கே தாவுகிறது, இப்படியே ரப்பரின் முழுக் கனத்தையும் கடந்து வெளியே வந்துவிடுகிறது. ஓட்டை எதுவும் இல்லாமல் ஒரு பொருளின் ஊடாகவே வாயு கடந்து போகும் இந்த நிகழ்வை ஊடுகசிவு என்று அழைக்கலாம். சோப்புத் தண்ணீரில் குமிழி எழாததற்குக் காரணம் இதுதான். டயரின் முழுப் பரப்பிலும் கசிவு நடக்கிறது. ஓர் இடத்தில் குமிழி கட்டும் அளவுக்கு வேகமாக மட்டும் நடப்பதில்லை.

பலூனின் சுவர் மெல்லியது. டயரின் சுவர் கனமானது. வித்தியாசம் கனத்தில் மட்டும் இல்லை. 1937-இல் அமெரிக்காவின் ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனத்தில் வில்லியம் ஸ்பார்க்ஸ், ராபர்ட் தாமஸ் என்ற இரு வேதியியலாளர்கள் பியூட்டைல் என்ற செயற்கை ரப்பரை உருவாக்கினார்கள். அதன் சங்கிலிகள் நெருக்கமாக அமைந்து, மந்தமாகவே நெளியும். ஆகவே இயற்கை ரப்பர் வழியே கசியும் காற்றில் பத்தில் ஒரு பங்குகூட அதன் வழியே கசிவதில்லை. இன்றைய டியூப்லெஸ் டயரின் உட்புறத்தில் இந்த வகை ரப்பரால் ஒரு மெல்லிய பூச்சு இருக்கிறது. அது கசிவைக் குறைக்குமே தவிர, அடியோடு நிறுத்தாது. சக்கர விளிம்பில் டயர் அமரும் இடமும் வால்வும் தம் பங்குக்குக் கொஞ்சம் விடும். எல்லாம் சேர்த்து, பழுதில்லாத டயரிலேயே மாதத்துக்கு 1 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைவது இயல்பு.

பிஎஸ்ஐ என்பது பங்கில் காற்று பிடிக்கிறவர் சொல்லும் எண். ஒரு சதுர அங்குலப் பரப்பை எத்தனை பவுண்டு எடை அழுத்துகிறது என்பதன் சுருக்கம். "முப்பத்துமூணு வைங்க" என்று நாம் சொன்னால், டயரின் உட்சுவரில் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் 33 பவுண்டு, அதாவது சுமார் 15 கிலோ, எடைக்குச் சமமான விசை தள்ளிக்கொண்டிருக்கிறது.

காரைத் தாங்குவது எது?

ஆட்களோடு சேர்த்து 1,200 கிலோ எடையுள்ள ஒரு சிறிய காரை எடுத்துக்கொள்வோம். சக்கரத்துக்கு 300 கிலோ. அதைத் தாங்குவது டயரின் ரப்பர் என்று தோன்றும். உண்மையில் பெரும்பங்கு சுமையை உள்ளே இருக்கும் காற்றுதான் தாங்குகிறது. சதுர அங்குலத்துக்கு 15 கிலோ தாங்கும் காற்று 300 கிலோவைத் தாங்க வேண்டுமானால் டயர் 20 சதுர அங்குலம் தரையில் பதிய வேண்டும். டயர் தானாகவே அந்த அளவுக்குத் தட்டையாகிக்கொள்கிறது. நம் அஞ்சலட்டை ஒன்றின் பரப்பு ஏறக்குறைய அவ்வளவுதான். குடும்பத்தோடு மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது சாலைக்கும் நமக்கும் இடையே இருக்கும் பிடிமானம் மொத்தமும் நான்கு அஞ்சலட்டைப் பரப்பு.

காற்று 25 பிஎஸ்ஐ ஆகக் குறைந்தால் சதுர அங்குலத்துக்கு 11 கிலோ சொச்சம்தான் தாங்கும். அதே 300 கிலோவுக்கு இப்போது 26 சதுர அங்குலத்துக்கு மேல் வேண்டும். டயர் இன்னும் அதிகமாக நசுங்கித்தான் அந்தப் பரப்பைப் பெற முடியும். ரப்பர் சுவரின் விறைப்பையும் சேர்த்தால் இந்தக் கணக்கு சற்று மாறும். ஆனால் போகும் திசை மாறாது. காற்று குறையக் குறைய டயர் கூடுதலாக வளைகிறது. இனி வரும் செலவுகள் எல்லாம் இந்த வளைவிலிருந்து பிறக்கின்றன.

இரண்டரை லட்சம் முறை வளைந்து நிமிரும் டயர்

சிறிய கார்களில் வரும் 14 அங்குலச் சக்கரத்தின் டயர் ஒரு சுற்றில் சுமார் 1.8 மீட்டர் கடக்கும். ஒரு கிலோமீட்டருக்கு ஏறக்குறைய 550 சுற்று. சென்னையிலிருந்து மதுரை 460 கிலோமீட்டர் என்றால் இரண்டரை லட்சம் சுற்று. டயரின் ஒவ்வொரு பகுதியும் இரண்டரை லட்சம் முறை தரையில் நசுங்கி, மறுபடி நிமிர்கிறது.

ரப்பரை வளைக்க விசை வேண்டும். அது நிமிரும்போது அந்த ஆற்றலைத் திருப்பிக் கொடுக்கும். ஆனால் முழுவதும் கொடுக்காது. பின்னிக் கிடக்கும் சங்கிலிகள் ஒன்றோடொன்று உரசுவதில் ஒரு பகுதி வெப்பமாகிவிடும். இதற்கு மீள்வு இழப்பு என்று பெயர் வைத்துக்கொள்வோம். நெடுந்தூரம் ஓட்டி நிறுத்திய காரின் டயரைத் தொட்டால் கை சுடும். தார்ச்சாலையின் சூடு அதில் கொஞ்சம் உண்டு. மீதி, ரப்பர் தனக்குள் தானே உண்டாக்கிய சூடு.

அந்தச் சூட்டுக்கான ஆற்றல் பெட்ரோல் டாங்கிலிருந்து வந்தது. இன்ஜின் காரை முன்னே தள்ளுவதோடு, நான்கு டயர்களையும் ஓயாமல் வளைத்துக்கொண்டும் இருக்கிறது. சமதளத்தில் கியரை நியூட்ரலில் போட்டால் கார் மெல்ல மெல்ல நிற்பதில் இதற்கும் பங்கு உண்டு. உருளும் சக்கரம் தரும் இந்த எதிர்ப்பு உருள்தடை. காற்று குறைந்தால் வளைவு கூடும், வளைவு கூடினால் மீள்வு இழப்பு கூடும், உருள்தடை ஏறும், மைலேஜ் இறங்கும். நான்கு டயர்களிலும் சராசரியாக 1 பிஎஸ்ஐ குறைந்தால் எரிபொருள் சிக்கனம் சுமார் 0.2 சதவீதம் குறையும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை கணக்கிட்டிருக்கிறது.

வெயிலுக்குக் காற்றைக் குறைக்கலாமா?

அக்னி நட்சத்திரம் வந்துவிட்டால் இந்த அறிவுரையைக் கேட்காதவர்கள் குறைவு: "வெயில் காலம் சார், ரெண்டு மூணு பாயின்ட் கம்மியாவே வைங்க. இல்லேன்னா டயர் வெடிச்சிரும்." கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. சூட்டில் காற்று விரியும், அழுத்தம் ஏறும், டயர் வெடிக்கும். நல்லெண்ணத்தில் சொல்லப்படுவதுதான். ஆனால் ஆபத்தான அறிவுரை. அதை எண்களில் சோதித்துப் பார்க்கலாம்.

அடைபட்ட காற்றின் வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் கார் டயரில் அழுத்தம் ஏறக்குறைய 1.5 பிஎஸ்ஐ கூடும். 33-இல் கிளம்பிய டயர் நெடுஞ்சாலையில் 25 டிகிரி சூடேறினால் 37 பிஎஸ்ஐ காட்டும். நல்ல நிலையிலுள்ள டயருக்கு இது பெரிய சுமையே இல்லை. கார் தயாரிப்பாளர் 33 என்று எழுதும்போதே ஓட்டத்தில் இந்த ஏற்றம் வரும் என்று தெரிந்துதான் எழுதுகிறார்.

இப்போது காற்றைக் குறைத்தவரின் டயரைப் பார்ப்போம். அது ஒவ்வொரு சுற்றிலும் அதிகமாக வளைகிறது, அதிகச் சூட்டைத் தானே உண்டாக்குகிறது. வெளியே சாலையும் கொதிப்பதால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. டயருக்குள் ரப்பரையும் இரும்புக் கம்பி அடுக்கையும் பிணைத்திருக்கும் பிடிப்பு சூட்டில் தளர்கிறது. பக்கச் சுவரின் நூலிழைகள் சோர்கின்றன. வேகமும் பாரமும் சேர்ந்தால் ஒரு கட்டத்தில் அடுக்கு பிரிந்து டயர் கிழியும். கிழிந்த டயரைப் பார்ப்பவர்கள் காற்று அதிகமாகி வெடித்ததாக எடுத்துக்கொள்கிறார்கள். பெரும்பாலும் நடந்தது அதற்கு நேர்மாறானது.

2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்புளோரர் கார்களில் பூட்டியவை. ஓடும்போதே மேல் அடுக்கு பிரிந்து கார்கள் கவிழ்ந்தன. 270 பேருக்கு மேல் இறந்தார்கள். டயரின் வடிவமைப்பிலும் தயாரிப்பிலும் இருந்த குறைகள் முதன்மைக் காரணம். ஆனால் அரிசோனா, டெக்சாஸ், ஃபுளோரிடா போன்ற வெப்ப மாநிலங்களிலேயே விபத்துகள் குவிந்தன. அந்தக் காருக்கு ஃபோர்டு பரிந்துரைத்த அழுத்தம் 26 பிஎஸ்ஐ என்பதும் பெரிய விவாதமானது. குறைந்த காற்றும் வெப்பமும் வேகமும் ஒன்றுசேர்ந்தால் பலவீனமான டயருக்கு என்ன ஆகும் என்பதை அந்த உயிர்களைக் கொடுத்து உலகம் கற்றது. அந்த ஆண்டே அமெரிக்க நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. புதிய கார்களில் டயர் அழுத்தம் குறைந்தால் எச்சரிக்கும் விளக்கு அதன் வழியாகத்தான் கட்டாயமானது.

அந்த விளக்குக்கும் ஓர் எல்லை உண்டு. பரிந்துரைத்த அளவில் கால் பங்கு குறைந்தால் எரிய வேண்டும் என்பதே அமெரிக்க விதி. 33 பிஎஸ்ஐ டயர் என்றால் 25-ஐ நெருங்கும் வரை எரியாமல் இருக்கலாம். உங்கள் காரில் விளக்கு இருந்தாலும், அது எரியவில்லை என்பதை வைத்துக் காற்று சரியாக இருக்கிறது என்று முடிவு கட்ட வேண்டாம்.

பங்கில் சரியாகப் பிடித்தும் குறைவது ஏன்?

உங்கள் காரில் முன்பின் நான்கு டயருக்கும் 33 என்று குறித்திருக்கிறது. மூன்று நான்கு மாதமாகக் கவனிக்காததால் காலையில் உண்மையான அளவு 29. உங்களுக்கு அது தெரியாது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு வழியில் ஒரு பங்கில் நிறுத்துகிறீர்கள். டயர் 25 டிகிரி சூடேறியிருக்கிறது. அளவியில் சுமார் 32.5 தெரிகிறது. காற்று பிடிக்கிறவர் "கரெக்டா இருக்கு சார்" என்கிறார். அவர் சொன்னது பொய்யில்லை. அந்தக் கணத்தில் அது உண்மை. ஆனால் கார் குறிப்பில் உள்ள 33 ஆறிய டயருக்கான எண். இரவு வீடு திரும்பி, காலையில் டயர் ஆறியதும் அது மறுபடி 29.

பங்குகளில் காற்று இலவசம்தான். ஆனால் அங்கே போய்ச் சேரும்போது டயர் சூடாகிவிடுகிறது என்பதுதான் சிக்கல். கார் நின்று மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், அல்லது இரண்டு கிலோமீட்டருக்குள் மெதுவாக ஓட்டியிருக்க வேண்டும். அப்போது எடுக்கும் அளவே நம்பத்தக்கது. காலையில் வீட்டு வாசலில் நம் கையில் ஓர் அளவி இருக்க வேண்டிய அவசியம் இதனால்தான். பயணத்தின் நடுவே காற்று பிடிக்க வேண்டி வந்தால், குறிப்பை விட 4 பிஎஸ்ஐ கூட்டி வைத்து, மறுநாள் காலை ஆறிய பின் சரிபார்க்கலாம். சூடான டயரில் அளவு கூடித் தெரிகிறதே என்று காற்றைத் திறந்துவிடுவது மட்டும் கூடாது.

மலைப் பயணத்தில் இதே விதி வேறு விதமாக விளையாடும். மேட்டுப்பாளையத்தில் 35 டிகிரி வெயிலில் நின்ற காரை ஊட்டிக்கு ஏற்றி, 10 டிகிரி குளிரில் இரவு நிறுத்துகிறோம். 25 டிகிரி இறக்கத்தால் டயரில் 4 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைய வேண்டும். ஆனால் அளந்தால் ஏறக்குறைய 1 மட்டும்தான் குறைந்திருக்கும். அளவி எப்போதும் டயரின் உள்ளே இருக்கும் அழுத்தத்துக்கும் வெளிக்காற்றின் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசத்தையே காட்டுகிறது. 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் சமவெளியை விட சுமார் 3 பிஎஸ்ஐ குறைவு. குளிர் குறைத்த அளவில் பெரும்பகுதியை உயரம் ஈடுகட்டிவிடுகிறது. ஆகவே ஊட்டி போகிறோம் என்பதற்காகக் காற்றை ஏற்றவோ இறக்கவோ தேவையில்லை.

நைட்ரஜன் காற்று

டயர் கடைகளில் நைட்ரஜன் நிரப்பத் தனிக் கட்டணம் வாங்குகிறார்கள். அதற்கு அறிவியல் அடிப்படை உண்டு. ஆக்சிஜன் ரப்பர் வழியே நைட்ரஜனை விட மூன்று நான்கு மடங்கு வேகமாகக் கசிகிறது. ஆகவே வெறும் நைட்ரஜன் மெதுவாகத்தான் குறையும். ஆனால் நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தானே?

அமெரிக்காவின் கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் இதழ் இதைச் சோதித்துப் பார்த்தது. டயர்களில் பாதிக்குச் சாதாரணக் காற்றும் பாதிக்கு நைட்ரஜனும் 30 பிஎஸ்ஐ நிரப்பி, ஓராண்டு வெளியில் வைத்தார்கள். சாதாரணக் காற்று 3.5 பிஎஸ்ஐ குறைந்தது, நைட்ரஜன் 2.2 குறைந்தது. ஓடாமல் கிடந்த டயர்கள் என்பதால் இரண்டிலுமே இழப்பு குறைவு. சூடும் குலுங்கலும் சேரும் சாலையில் இழப்பு இதைவிட அதிகம். ஆனாலும் இரண்டுக்கும் இடையே ஓர் ஆண்டில் வந்த வித்தியாசம் 1.3 பிஎஸ்ஐ மட்டுமே. காலையில் அளந்து பார்க்கும் பழக்கம் இருப்பவருக்கு நைட்ரஜனுக்குத் தனியாகப் பணம் கொடுக்கத் தேவையில்லை. பழக்கம் இல்லாதவரை நைட்ரஜனும் காப்பாற்றாது, ஏனென்றால் அதுவும் குறையத்தான் செய்கிறது.

ரூபாய்க் கணக்கு

ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டர் ஓடும் கார். லிட்டருக்கு 16 கிலோமீட்டர் கொடுக்கிறது. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு 750 லிட்டர், 75,000 ரூபாய். நான்கு டயரும் 33-க்குப் பதில் 25-இல் ஓடுகின்றன. 8 பிஎஸ்ஐ குறைவுக்கு 1.6 சதவீதம் இழப்பு, அதாவது 1,200 ரூபாய்.

அடுத்து டயர். காற்று குறைந்தால் டயரின் நடுப்பகுதி சற்று உள்வாங்கி, இரு ஓரங்களிலும் பாரம் கூடுகிறது. ஓரங்கள் சீக்கிரம் தேய்கின்றன. நடுவில் நல்ல பள்ளம் மிச்சமிருந்தாலும், ஓரம் வழுக்கையாகிவிட்டால் டயரை மாற்றியே ஆக வேண்டும். நான்கு டயர் 20,000 ரூபாய், சரியாக வைத்திருந்தால் 40,000 கிலோமீட்டர் உழைக்கும் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 50 காசு. காற்றுக் குறைவால் ஆயுளில் ஐந்தில் ஒரு பங்கு போனால் 32,000 கிலோமீட்டர்தான். கிலோமீட்டருக்கு 62.5 காசு. 12,000 கிலோமீட்டருக்கு வித்தியாசம் 1,500 ரூபாய்.

இரண்டும் சேர்த்து ஆண்டுக்கு 2,700 ரூபாய். ஒரு நல்ல அளவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், பல ஆண்டுகள் உழைக்கும். இந்தக் கணக்கில் உங்கள் காருக்கான எண்களைப் போட்டால் தொகை மாறும். அதிகம் ஓட்டுகிறவருக்கு ஏறும், வாரம் ஒரு நாள் எடுப்பவருக்கு இறங்கும். பெட்ரோலை விட டயர் தேய்வில்தான் இழப்பு பெரிது என்பதைக் கவனியுங்கள். பலரும் மைலேஜை மட்டுமே கணக்கில் எடுப்பதால் இந்தப் பெரிய பாதி கண்ணில் படுவதில்லை. நெடுஞ்சாலையில் டயர் கிழிவதைத் தவிர்ப்பதன் மதிப்பை நான் இதில் சேர்க்கவே இல்லை. அதற்கு விலை போட முடியாது.

அளக்கும் முறை

முதலில் சரியான எண். ஓட்டுநர் கதவைத் திறந்தால் கதவுத் தூணில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறத்தில் இருக்கும். இரண்டு பேர் போனால் எவ்வளவு, முழுப் பாரத்தோடு போனால் எவ்வளவு, முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு என்று அதில் தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். டயரின் பக்கச் சுவரில் பொறித்திருக்கும் எண்ணைப் பின்பற்றாதீர்கள். அது அந்த டயர் தாங்கும் உச்சம்.

வால்வு மூடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். கீழே வைத்தால் உருண்டு ஓடிவிடும். அளவியை வால்வில் நேராக வைத்து உறுதியாக அழுத்துங்கள். புஸ்ஸென்ற சத்தம் நின்றால் பொருத்தம் சரி. தொடர்ந்து சத்தம் வந்தால் அளவி சாய்ந்திருக்கிறது, அளவு குறைவாகக் காட்டும். இரண்டு முறை அளந்து ஒரே எண் வந்தால் நம்பலாம். வால்வு நுனியில் ஒரு சொட்டு எச்சிலோ சோப்புத் தண்ணீரோ வைத்துக் குமிழி வருகிறதா பாருங்கள். மூடியை மறக்காமல் போடுங்கள். மண்ணும் ஈரமும் வால்வுக்குள் போகாமல் காப்பது அதுதான்.

ஸ்டெப்னியையும் அளக்க வேண்டும். தேவைப்படும் நாளில் காற்றே இல்லாமல் கிடக்கும் ஸ்டெப்னிகள் ஏராளம். பல புதிய கார்களில் வரும் ஒல்லியான தற்காலிக ஸ்டெப்னிக்கு வழக்கமாக 60 பிஎஸ்ஐ வேண்டும். அந்த எண் அதன் மேலேயே இருக்கும்.

காலால் உதைத்துப் பார்ப்பதும், கண்ணால் பார்த்துச் சொல்வதும் பயன்படாது. இன்றைய ரேடியல் டயர்கள் சரியான காற்றிலேயே அடியில் சற்றுப் பிதுங்கித்தான் நிற்கும். 33-க்கும் 26-க்கும் உள்ள வித்தியாசத்தைப் பழகிய மெக்கானிக்கின் கண்ணும் தவறவிடும்.

குனிந்திருக்கும்போதே டயரின் தேய்வையும் படித்துவிடலாம். இரு ஓரமும் தேய்ந்திருந்தால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். ஒரு பக்கம் மட்டும் தேய்ந்திருந்தால் வீல் அலைன்மென்ட் பார்க்க வேண்டும். பள்ளங்களுக்கு அடியில் குறுக்காக இருக்கும் சிறு மேடுகள் 1.6 மில்லிமீட்டர் உயரம் கொண்டவை. ரப்பர் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் மழையில் அந்த டயரை நம்பக் கூடாது.

மற்ற வேலைகளும் அவற்றின் எல்லையும்

டயரில் பார்த்தது காரின் மற்ற உறுப்புகளுக்கும் பொருந்தும். கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஒன்று தேய்ந்துகொண்டிருக்கும், அதை நேரத்தில் அளந்தால் செலவு சிறிது, விட்டுவிட்டால் பெரிது. இன்ஜின் ஆயிலின் மட்டத்தை டிப்ஸ்டிக்கில் பார்ப்பது, கூலன்ட் தொட்டியில் இரு கோடுகளுக்கு நடுவே திரவம் நிற்கிறதா என்று ஆறிய இன்ஜினில் பார்ப்பது, பேட்டரி முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் உப்பைத் துடைப்பது எல்லாம் இந்த வகை. கூலன்ட் குறைந்தால் போர்வெல் தண்ணீரை ஊற்ற வேண்டாம். அதிலுள்ள உப்புகள் ரேடியேட்டருக்குள் படிந்து குழாய்களை அடைக்கும். சூடான ரேடியேட்டர் மூடியை எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் அடைபட்டிருக்கும் கொதிநீர் பீறிட்டு அடிக்கும்.

ஏ.சி. காற்றை வடிகட்டும் ஃபில்டர் பல கார்களில் கிளவ் பாக்ஸுக்குப் பின்னால் கையாலேயே கழற்றும்படி இருக்கிறது. அதை மாற்றினால் கூலி நேரடியாக மிச்சம். இன்ஜினின் ஏர் ஃபில்டரை மாற்றினால் மைலேஜ் கூடும் என்ற நம்பிக்கை மட்டும் பழைய கார்பரேட்டர் காலத்தது. 2009-இல் அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் தேசிய ஆய்வகம் சோதித்தபோது, இன்றைய பெட்ரோல் கார்களில் அடைபட்ட ஃபில்டர் இழுவையைத்தான் குறைத்தது, மைலேஜைக் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கவில்லை. காற்று குறைந்ததை உணர்ந்து கணினி பெட்ரோலையும் குறைத்துவிடுகிறது. இன்ஜினைப் புழுதியிலிருந்து காக்க ஃபில்டரை உரிய காலத்தில் மாற்றுங்கள், பெட்ரோல் மிச்சமாகும் என்பதற்காக மாற்ற வேண்டாம்.

பிரேக், ஸ்டியரிங், ஏர்பேக், ஏ.சி. வாயு, ஹைபிரிட் மற்றும் மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறத்தில் ஓடும் உயர் மின்னழுத்தக் கம்பிகள் ஆகியவற்றைப் பயிற்சி பெற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். அங்கே சிறு பிழைக்கும் விலை உயிர்.

நான்கு எண்கள், ஒரு நோட்டு

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை காலை அளந்து, தேதி போட்டு நான்கு எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். ஒரு மாதம் 33, 33, 33, 33. அடுத்த மாதம் 32, 32, 32, 32. இது ஊடுகசிவு. காற்று பிடித்தால் போதும். அதற்கடுத்த மாதம் 32, 32, 28, 32 என்று வந்தால் மூன்றாவது டயரில் வேறு ஏதோ நடக்கிறது. நான்கும் சேர்ந்து குறைந்தால் அது ரப்பரின் இயல்பு, ஒன்று மட்டும் குறைந்தால் அது பழுது. வால்வு ஊசி தளர்ந்திருக்கலாம், சிறு ஆணி ஏறியிருக்கலாம், விளிம்பில் துரு இருக்கலாம். அந்த டயரை மட்டும் பஞ்சர் கடைக்குக் கொண்டுபோய் "மாதம் 5 பிஎஸ்ஐ இறங்குகிறது" என்று சொன்னால், அவர் தண்ணீர்த் தொட்டியில் அமிழ்த்திச் சில நிமிடங்களில் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவார். செலவு நூறு இருநூறு ரூபாயோடு முடியும். அதே கசிவை ஆறு மாதம் விட்டால், குறைந்த காற்றில் ஓடிப் பக்கச் சுவர் நைந்து, டயரையே தூக்கிப் போட வேண்டி வரும்.

சொந்தப் பராமரிப்பு என்றதும் மெக்கானிக்கின் வேலையை நாம் செய்வது என்று நினைக்கிறோம். அவர் கைத்திறன் அவருக்கு, அதற்கு உரிய கூலியும் அவருக்கு. மாதாமாதம் ஒரே காரை, ஒரே நேரத்தில், ஒரே அளவியால் பார்க்கும் வாய்ப்பு மட்டும் அவருக்குக் கிடைக்காது. அது காரின் சொந்தக்காரருக்கே வாய்க்கும். பழுது சிறியதாக இருக்கும்போதே பிடிபடுவதும், பணம் மிஞ்சுவதும் அந்த வாய்ப்பைப் பயன்படுத்துவதில்தான் இருக்கிறது. இந்த மாதமே ஓர் அளவி வாங்கி, முதல் நான்கு எண்களை எழுதிவிடுங்கள்.